நூற்றுப் பன்னிரண்டுக்கு அடுத்தது நூற்று இருபத்தொன்பது

அந்தப் பதினாறு பக்கங்களையும் தொலைத்தது நான்தான் என்று முதலில் நம்பினேன். சும்மா நம்பவில்லை, பக்தியோடு நம்பினேன். வெள்ளவத்தைக் கடற்கரையில் இறால் வடை விற்கிறவரிடம் போய், பசியே இல்லாமல் வடை வாங்கி, வடையை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருந்த கடதாசியை வாசித்தேன். பையிலிருந்து விழுந்த பக்கங்கள் காற்றில் பறந்து அவருடைய கைக்குப் போயிருக்கும், அவர் அவற்றைக் கிழித்து வடை சுற்றிக்கொண்டிருப்பார் என்று என் மூளை ஒரு படம் ஓட்டிக் காட்டியிருந்தது. முதல் வடையில் யாரோ ஒரு பிள்ளையின் கணக்குத்தாள் கிடைத்தது. பிழைகள் அதிகம். இரண்டாவது வடையில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் விண்ணப்பம். மூன்றாவதை வாங்கும்போது வடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அன்றிரவு நெஞ்செரிவு வந்தது. அதையும் குற்றவுணர்ச்சி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

விஷயத்தைச் சொல்கிறேன். நான் வேலை செய்வது ஓர் இணைய ஆவணகத்தில். பெயர் பெரிதாக இருக்கும். இடம் வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், தையற்கடைக்கு மேல்மாடி. ரயில் போனால் ஸ்கானர் நடுங்கும். நடுங்கிய பக்கத்தைத் திரும்ப எடுக்கவேண்டும். என் வேலை ஸ்கான் பண்ணுவதல்ல. பழைய நூல்களின் ஆய்வுப் பதிப்புகளை, அதாவது ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டு, எந்தச் சுவடியில் எந்தச் சொல் வேறுபடுகிறது என்று அடிக்குறிப்புப் போட்டு, யாரோ ஒருவர் தன் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்த பதிப்புகளை, பதிப்பகங்களிடம் கேட்டு வாங்குவது. கூடவே, இணையத்தில் ஏற்ற அனுமதியும் வாங்குவது.

கேட்பது சுலபம். யாரிடம் கேட்பது என்பதில்தான் ஆயுள் போகிறது. பதிப்பகத்தின் பெயரும் விலாசமும் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் அழகாக இருக்கும். அந்த விலாசத்துக்குப் போனால் ஒரு வீடு இருக்கும். கதவைத் திறக்கிற அம்மா "அவர் குளிக்கிறார்" என்பார். அடுத்த கிழமை போனாலும் குளித்துக்கொண்டிருப்பார். நுகேகொடையில் ஒரு பதிப்பகத்தைத் தேடிப் போனேன். அந்த இலக்கத்தில் சலூன் இருந்தது. தலைமயிரை வெட்டிக்கொண்டு திரும்பினேன். போன காரியத்தில் ஏதாவது ஒன்று நடக்கவேண்டும் அல்லவா. கிருலப்பனையில் ஒருவர் உண்மையிலேயே பதிப்பாளர், உண்மையிலேயே வீட்டில் இருந்தார். ஆனால் மாட்டேன் என்றார்.

"எல்லாரும் சும்மா வாசிச்சா, பேந்து ஆர் வாங்கிறது?"

"இப்ப ஆர் ஐயா வாங்கினம்?"

"இப்ப ஒருத்தரும் வாங்கேல்ல. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

இப்படியான பயத்தோடு வாதாட முடியாது. அவர் கொடுத்த பால் விடாத பிளேன்ரீயைக் குடித்துவிட்டு வந்தேன். இந்த வேலையில் நான் குடித்த பிளேன்ரீக்கு மட்டும் யாராவது ஓர் ஆய்வுப் பதிப்புப் போடலாம்.

ஆகவே, ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர் தானாகவே தொலைபேசி எடுத்து, "என்ர புத்தகத்தை எடுத்துக்கொண்டு போம்" என்று சொன்னபோது எனக்குக் கொஞ்சம் மயக்கம் வந்தது. எல்லாரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. எங்கள் ஆவணகத்திலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு தொடர்மாடியில் தனியாக இருந்தார். மகள் மெல்பேர்ணில். மிஸ்ஸுக்கும் விசா வந்துவிட்டது. போனால் திரும்புகிற எண்ணம் இல்லை. அவருடைய பதிப்பு, மாட்டு வைத்தியம் சொல்லும் ஒரு பழைய செய்யுள் நூல். பசுவுக்கு என்ன வருத்தம் வரும், எருதுக்கு என்ன வரும், எதை அரைத்து எதில் குழைத்துக் கொடுப்பது என்று எல்லாம் விருத்தத்தில் இருக்கும். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலத்தில் கொட்டாஞ்சேனையில் அச்சாகி வந்தது. அவரிடம் இருந்தது ஒரே ஒரு பிரதி. அதை ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டுத் தந்தார்.

அன்று மழை. காலி வீதியில் பஸ் இல்லை. இரண்டு ஒழுங்கைத் தூரத்துக்கு முச்சக்கரவண்டி பிடித்தேன். என் பையின் சிப் பல நாளாக மூடுவதில்லை. இந்த மூன்று உண்மைகளையும் அப்போது நான் தனித்தனியாகத்தான் அறிந்திருந்தேன்.

எங்கள் ஸ்கானரில் இருப்பவர், வங்கியில் காசாளராக இருந்து விலகி வந்த பெண். நோட்டு எண்ணிய பழக்கத்தில் பக்கங்களையும் எண்ணுவார். அடுத்த நாள் என் மேசைக்கு வந்து நின்றார்.

"அண்ணை, நூற்றிப் பன்ரெண்டுக்குப் பிறகு என்ன வரும்?"

"நூற்றிப் பதின்மூண்டு."

"நானும் அப்பிடித்தான் படிச்சனான். இதில நூற்றி இருவத்தொம்பது வருது."

வாங்கிப் பார்த்தேன். இடப்பக்கம் எருதின் குளம்பு வெடிப்பு, அதை விட்டால் நேரே பால் மறுக்கும் பசு. இடையில் பதினாறு பக்கம் இல்லை. புத்தகத்தின் முதுகும் கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது. மழை, முச்சக்கரவண்டி, சிப் மூன்றும் அந்தக் கணத்தில் கைகோத்து என் முன்னால் நின்றன.

"எங்க அண்ணை போயிருக்கும்?" என்றார்.

"நீர் முதலில அடுத்த புத்தகத்தை எடும்," என்றேன்.

அதன் பிறகு நான் செய்தவை எல்லாம் புத்தியுள்ள மனிதன் செய்கிற காரியங்கள் அல்ல. சந்தியில் நிற்கும் முச்சக்கரவண்டிக்காரரைத் தேடிப் போனேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "மல்லி, மகே கொள டிகக் வெடுனாத?" என்று கேட்டேன், தம்பி, என்னுடைய தாள் ஏதும் விழுந்ததா என்று. என்ன தாள் என்று கேட்டார். "ஹரக்குன்ட பெஹெத்," என்றேன், மாட்டுக்கு மருந்து. அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "அய்யாட்டத?" என்றார். உங்களுக்கா என்று. பகிடியாகக் கேட்டாரா, அக்கறையாகக் கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது. பின்சீற்றைத் தூக்கிக் காட்டினார். ஒரு குடையும் ஒரு சப்பாத்தும் இருந்தன. சப்பாத்து ஒற்றை.

பிறகுதான் அந்த வடைக் காண்டம். அதற்கும் பிறகு, பல வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாத கனடா மைத்துனருக்கு "எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஒரு செய்தி அனுப்பினேன். நாட்டை விட்டுப் போகவேண்டி வந்தால் ஒரு கதவாவது திறந்திருக்கட்டும் என்று. அவர் "யார் இது?" என்று பதில் போட்டார்.

எனக்கு வழி காட்டியது ஒரு பழைய புத்தகக் கடை. இன்னொரு பிரதி கிடைத்தால் அதிலிருந்து அந்தப் பதினாறையும் எடுத்துப் போட்டுவிடலாம், மிஸ்ஸுக்குத் தெரியவே தேவையில்லை என்று கணக்குப் போட்டுத்தான் போனேன். கடைக்காரர் ஏணியில் ஏறி, தூசோடு ஒன்றை எடுத்துத் தந்தார். நேரே அந்த இடத்தைத் திறந்தேன். குளம்பு வெடிப்பு. அடுத்தது பால் மறுக்கும் பசு. நூற்றுப் பன்னிரண்டு, நூற்று இருபத்தொன்பது.

என் வாழ்க்கையில் ஒரு குறைப் புத்தகத்தைக் கண்டு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. நான் இல்லை. மழை இல்லை, சிப் இல்லை, வடைக்காரர் இல்லை. பைண்ட் பண்ணும்போதே விட்டுப்போயிருக்கிறது. பதினாறு பக்கம் என்றால் அச்சகக் கணக்கில் ஒரு பாரம். ஒரே பெரிய தாளில் இரண்டு பக்கமும் அடித்து மடிப்பது. அந்தப் பாரம் முழுதாக விடுபட்டிருக்கிறது. வாய் நிறையச் சிரிப்போடு கடைக்காரருக்கு நன்றி சொன்னேன். "பழுதான கொப்பி தம்பி, வேண்டாமெண்டா வையும்," என்றார். "இது திறம் கொப்பி," என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

சந்தோஷம் சந்திவரைதான் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. நண்பர்களைக் கேட்டு இன்னும் இரண்டு பிரதிகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே பாய்ச்சல். என் கையில் தொலைந்திருந்தால் வேறு பிரதிகளில் இருந்திருக்கும். எல்லாப் பிரதியிலும் இல்லையென்றால் எங்குமே இல்லை. இதைப் போய் மிஸ்ஸிடம் சொல்லவேண்டும்.

அவருடைய வீடு முழுக்கப் பெட்டிகள். ஃபிரிட்ஜில் யாருக்கு என்று எழுதி ஒட்டியிருந்தது.

"மிஸ், ஒரு விஷயம் கதைக்கவேணும்."

"இரும். அந்தப் பெட்டியில இராதையும், கண்ணாடிச் சாமான். கதிரையில இரும்."

"பதினாறு பக்கம் இல்லை மிஸ்."

"எதில?"

"உங்கட புத்தகத்தில."

"நான் தந்ததிலயோ?"

"எல்லாத்திலயும். நாலு கொப்பி பாத்திட்டன்."

கையிலிருந்த ஒட்டுநாடாவைக் கீழே வைத்தார். "எந்தப் பதினாறு?"

"நூற்றிப் பதின்மூண்டில இருந்து. பொருளடக்கத்தில கன்றுகளின் நோய் எண்டு கிடக்கு."

பிறகு மாணவர்களுக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். அவர் ஒப்பிட்ட சுவடிகளில் ஒன்றே ஒன்றில்தான் கன்றுகளின் பகுதி இருந்தது. அந்தச் சுவடி பிறகு இடப்பெயர்வில் போய்விட்டது. வைத்திருந்தவர்களின் வீடும் போய்விட்டது. அதைப் பார்த்து இவர் கையால் எழுதிய பிரதியை அச்சகத்துக்குக் கொடுத்தார். அது திரும்பி வரவில்லை. ஆகவே கன்றுகளின் பகுதி உலகத்தில் இருந்தால் அது அச்சான அந்தப் பதினாறு பக்கத்தில்தான் இருக்கவேண்டும்.

"புத்தகம் வந்தாப் பிறகு நீங்கள் பாக்கேல்லையோ மிஸ்?"

"முதல் பக்கம் திறந்தன். முகவுரையில முதல் வரியிலயே எழுத்துப்பிழை. மூடினன். மூடினதுதான்."

சிரிக்கலாமா என்று தெரியாமல் இருந்தேன். அவரே தொடர்ந்தார். "வெளியீட்டு விழாவில அஞ்சு பேர் பேசினவை. ஒராள் ஒரு வரியும் விடாமல் வாசிச்சனான் எண்டவர். எனக்குக் கண் கலங்கினது." ஒட்டுநாடாவைத் திரும்ப எடுத்தார். "அவரும் இப்ப இல்லை. இருந்தா ரெலிபோன் எடுத்து, கன்றுக்குட்டிக்கு என்ன மருந்து எண்டு கேட்டிருப்பன்."

எழுந்தேன். வாசல் வரை வந்தார்.

"தம்பி, குறைப் புத்தகத்தை என்ர பெயரில ஏத்தவேண்டாம். இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் தெரியாது. ஏத்தினால் உலகத்துக்கே தெரியும். அந்தப் பகுதி கிடைச்சால் ஏத்தும். இல்லாட்டி அந்தத் தலையணை உறையோட திருப்பித் தாரும், நான் கொண்டு போறன்."

எப்போது பயணம் என்று கேட்டேன். பிந்திப்போனால் அடுத்த மாத நடு என்றார்.

பதிப்பாளரும் அச்சகக்காரரும் ஒரே ஆள். கொட்டாஞ்சேனையில், தேவாலயத்துக்குப் போகும் ஒழுங்கையில் அச்சகம். தகப்பன் காலமானபின் மகன் நடத்துகிறார். என் வயதுதான் இருக்கும். கலியாணக் கார்ட், மரண அறிவித்தல், திருவிழா பனர். ஆய்வுப் பதிப்பு என்று நான் சொன்னதும், பள்ளிக்கூடத்துப் பழைய காதலியின் பெயரைச் சொன்னதுபோல ஒரு புன்னகை வந்தது.

"அனுமதிதானே பிரதர்? தாறன். லெட்டர்ஹெட்ல அடிச்சே தாறன். எத்தன வேணும்? எங்ககிட்ட அனுமதி ஸ்டொக் இருக்கு, புத்தகம்தான் இல்ல."

"கொம்பியூட்டர்ல இருந்த மூலப் பிரதி?"

"அது பிளொப்பியில இருந்திச்சு."

"பிளொப்பி இருக்கா?"

மேசையில் என் பிளேன்ரீக் கோப்பைக்குக் கீழே கையைக் காட்டினார். கறுப்புச் சதுரம். கோப்பையை எடுத்துப் பார்த்தேன். நடுவில் வட்டமாகத் தேயிலைக் கறை. "இது எதுவெண்டு தெரியாது. அப்படி நாலஞ்சு இருக்கு. எல்லாத்திலயும் ரீ வச்சாச்சு," என்றார்.

பதினாறு பக்கத்தைச் சொன்னேன். அவர் மேலே முகட்டைப் பார்த்தார்.

"எங்க பிரஸ்ல அப்படி நடக்காது பிரதர்."

"நாலு கொப்பி பாத்தனான்."

"நாலும் பழுதான கொப்பியா இருக்கும். நீங்க முதற்பிரதி வாங்கினவரப் போய்ப் பாருங்க. முதற்பிரதி எப்பவும் திறமானதாத்தான் குடுக்கிறது."

முதற்பிரதி என்பதை வெளியாருக்குச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் புத்தக வெளியீடு என்றால் முதலில் ஒரு வர்த்தகப் பெருமகன் மேடைக்கு அழைக்கப்படுவார். மினுங்கும் கடதாசியில் சுற்றி றிபன் கட்டிய பொதியை இரண்டு கையாலும் கொடுப்பார்கள். அவர் ஓர் உறையைக் கொடுப்பார். படம் எடுப்பார்கள். அச்சுச் செலவில் பாதி அந்த உறையில்தான் வரும். பொதிக்குள் என்ன இருக்கிறது என்று மேடையில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரிப்பது மரியாதையும் அல்ல.

என்னைத் தட்டிக்கழிக்கத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் போனேன். வேறு வழி இருந்தால் போயிருக்கமாட்டேன்.

ஜிந்துப்பிட்டியில், முருகன் கோயிலுக்குக் கிட்ட, ஆணி முதல் தண்ணீர்த் தாங்கி வரை விற்கும் கடை. முதலாளிக்கு எண்பது தாண்டியிருக்கும். வேட்டி, வெள்ளைச் சேர்ட், காதில் கேட்கும் கருவி. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் வரிசையாகப் பொதிகள். சிவப்பு, பச்சை, தங்கம். எல்லாம் றிபனோடு. ஒவ்வொன்றிலும் சந்தனப் பொட்டு.

"எல்லாம் முதற்பிரதியோ ஐயா?"

"ஓம் தம்பி. ஆர் வந்து கேட்டாலும் நான் மாட்டன் எண்டு சொன்னதில்லை."

"இதில மாட்டு வைத்தியப் புத்தகம் எது?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? நான் திறக்கிறேல்லையே."

"ஏன் ஐயா?"

"வடிவாச் சுத்தி, றிபன் கட்டி, ரெண்டு கையாலயும் தாறாங்கள். அதைக் கிழிக்க மனம் வரேல்ல. கிழிச்சாலும் நான் வாசிக்கப் போறனே? வாசிக்கிறவன் கிழிக்கலாம்." கொஞ்சம் யோசித்தார். "நீர் வாசிப்பீர்தானே?"

"வாசிப்பன் ஐயா."

"அப்ப கிழியாமல் திறப்பம்."

கடைப்பெடியனைக் கூப்பிடாமல் தானே ஒரு சின்னக் கத்தி எடுத்து வந்து, ஒட்டுநாடாவை மட்டும் கீறி, முதல் பொதியைப் பிரித்தார். உள்ளே ஒரு பழைய நாட்குறிப்பேடு. எழுதப்படாதது. ஒரு வங்கியின் பரிசு. அவர் என்னைப் பார்த்தார்; நான் சுவரைப் பார்த்தேன். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. விழா நாளுக்குப் புத்தகம் பைண்டரிடமிருந்து வந்து சேராவிட்டால், மேடைக்கு ஏதோ ஒன்றைச் சுற்றிக்கொண்டு போவார்கள். அசலைப் பிறகு வீட்டில் கொண்டுபோய்த் தரலாம் என்று. பிறகு யாருக்கு நேரம். இரண்டாவது பொதியில் ஒரு தொலைபேசி விபரக்கொத்து.

எனக்கு அந்த அறையை விட்டு ஓடவேண்டும் போல இருந்தது. அந்த மனிதரின் அலுமாரியை நான் வந்து இப்படி ஆக்கிவிட்டேனே என்று. அவரோ மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு விபரக்கொத்தைப் புரட்டினார். விரலை ஓட்டி ஓட்டிக் கடைசியில் நிறுத்தினார்.

"என்ர கடை நம்பர் கிடக்கு," என்றார். "அப்ப இதுவும் என்ர புத்தகம்தான்."

மூன்றாவதில் உண்மையான கவிதைப் புத்தகம் இருந்தது. ஆறுதலாக இருந்தது. இன்னும் சில பிரித்தோம். அதன் பிறகு ஒரு பாரமான பச்சைப் பொதி. பிரித்ததும் புத்தகம் இல்லை. சணல் கயிற்றால் கட்டிய மடித்த தாள்கள். தைக்காத, வெட்டாத பாரங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. மேல் தாளில் மிஸ்ஸின் பெயர்.

கயிற்று முடிச்சு இறுகியிருந்தது. அவர்தான் அவிழ்த்தார். ஒவ்வொரு பாரமாக எண்ணி எடுத்தேன். எட்டாவது பாரம். நூற்றுப் பதின்மூன்று. கன்றுகளின் நோய்.

நான் அழுதேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். அழவில்லை, தும்மினேன். தூசு. பிறகு மடிப்பு கலையாமல் ஓரங்களை விலக்கிப் பார்த்தேன். நூற்றுப் பதின்மூன்றைத் திருப்பினால் இரண்டு பக்கமும் வெள்ளை. அடுத்து நூற்றுப் பதினாறும் பதினேழும் இருந்தன. அதைத் திருப்பினால் மறுபடி இரண்டு வெள்ளை. இப்படியே கடைசிவரை. தாளை முழுதாக விரித்துப் பார்த்தேன். ஒரு முகம் எட்டுப் பக்கமும் கறுப்பு எழுத்து. மற்ற முகத்தில் ஒரு புள்ளி கூட இல்லை.

"கிடைச்சிட்டுதோ தம்பி?"

"பாதி கிடைச்சிருக்கு ஐயா."

"பாதி எண்டா நல்லம்தானே. எனக்கு டிறெக்டறி."

பாரங்களை எனக்குத் தந்துவிட்டு, விபரக்கொத்தைப் பழையபடி சுற்றி, றிபனைக் கட்டி, அலுமாரியில் அது இருந்த இடத்திலேயே வைத்தார்.

கொட்டாஞ்சேனை அங்கிருந்து நடக்கிற தூரம்தான். அச்சகக்காரரின் மேசையில் தாளை விரித்தேன். அவர் வெள்ளை முகத்தைத் தடவிப் பார்த்தார். முகட்டைப் பார்க்கவில்லை.

"பின்பக்கத்து அச்சுப் பிளேட் பழுதாப் போச்சு பிரதர். புதுசு செஞ்சு எடுக்க நேரமில்ல. அடுத்த நாள் பின்னேரம் விழா. பைண்டர் கைல இருந்தத வச்சுத் தச்சிட்டான். டடிதான் காலைல இதச் சுத்திக் குடுத்துவிட்டார். புத்தகம் விழா முடியிற நேரத்துக்குத்தான் வான்ல போச்சு."

"மிஸ்ஸுக்குச் சொல்லேல்லையே."

"ரெண்டாம் பதிப்புல போடுவம், யார் பாக்கப்போறாங்க எண்டார் டடி." மெல்லிய குரலில், "ஒருத்தரும் பாக்கலதானே," என்றார்.

அதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

"இதப்போல பாதி அடிச்ச மிச்சத் தாள் எல்லாம்?"

"பின்பக்கம் வெள்ளதானே. ரியூசன் நோட்டீஸ் அடிச்சம்."

"மிஸ்ஸின்ர கையெழுத்துப் பிரதி?"

"டடி செத்தப்புறம் எல்லாம் கிலோவுக்குப் போட்டாச்சு பிரதர்." அதற்கு மேல் அவரும் பகிடி விடவில்லை, நானும் விடவில்லை. அனுமதிக் கடிதத்தைச் சொன்னபடி லெட்டர்ஹெட்டிலேயே அடித்துத் தந்தார். நல்ல தாள்.

தாளைப் பக்கம் பக்கமாக வெட்டிக் கொண்டுபோனேன். மிஸ் ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்து எட்டுப் பக்கத்தையும் வாசித்தார். பெட்டிகளில் பாதி ஏற்கெனவே போயிருந்தது. வாசிக்கும்போது பென்சிலைத் தேடினார். ஏதோ எழுத்துப்பிழை கண்டிருக்கவேண்டும். நூற்றுப் பதினேழின் கடைசி வரியில், கன்றுக்குக் கழிச்சல் வந்தால் கண் எப்படி இருக்கும், காது எப்படிச் சாயும் என்று இருந்தது. மருந்து நூற்றுப் பதினெட்டில்.

"உங்களுக்கு ஞாபகம் வராதோ மிஸ்? நீங்கள்தானே எழுதினது."

"வசம்பு வரும். வேறென்னவோவும் வரும்."

"ஞாபகம் இருக்கிற அளவுக்குச் சொல்லுங்கோ. அடிக்குறிப்பில போடுவம்."

"ஞாபகத்தில இருந்து போட்டால் அது பதிப்பில்லைத் தம்பி. என்ர கதை."

என்னிடம் இருந்த எல்லாப் பகிடியும் தீர்ந்துபோயிருந்தது. கால் வலித்தது. தலையணை உறை என் மடியில் இருந்தது. திருப்பிக் கொடுக்க என்றுதான் எடுத்துப்போயிருந்தேன்.

பக்கங்களைத் தட்டி நேராக்கி என்னிடம் நீட்டினார்.

"இருக்கிற எட்டையும் அந்தந்த இடத்தில போடும். இல்லாததுக்கு இடம் விடும்."

"பக்க இலக்கத்தை மட்டும் போட்டு, வெள்ளையாவோ?"

"வெள்ளையா. விளக்கம் ஒண்டும் வேண்டாம். அச்சாகேல்ல எண்டு ஒரு வரி போடும், போதும்." பிறகு, "அந்த உறையை நீரே வைச்சிரும். என்ர பெட்டியில இனி இடமில்லை," என்றார்.

அனுமதியில் கையெழுத்து வைத்தார். அடுத்த மாதம், சொன்னபடி, மெல்பேர்ணுக்குப் போனார். அதற்கு முதல் கிழமையே புத்தகத்தை ஏற்றிவிட்டோம். அவர் ஒரு தடவை திறந்து பார்த்ததாகச் சொன்னார், எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

அந்தப் பதினாறு பக்கங்களை ஒருவரும் தொலைக்கவில்லை. எட்டுப் பக்கம் அச்சாகி ஜிந்துப்பிட்டியில் இருந்தது. மற்ற எட்டும் அச்சாகவேயில்லை.